செய்திக்குக் கீழே கமெண்ட் வேண்டுமா? கடலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் ஒரு சின்ன உள்ளூர் செய்தித் தளத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். செய்தி எழுதியது கொஞ்சம்தான். செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதுவதைப் படித்து விடுவதும் அழிப்பதும்தான் முக்கால்வாசி வேலை. இப்போது அந்த வேலையில் இல்லை, ஆனாலும் மஞ்சக்குப்பம் டீக்கடையில், கல்யாணப் பந்தியில், புதுச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"தம்பி, கமெண்ட்டுன்னா ஃபேஸ்புக்ல எல்லாரும் போடறதுதானே? அதுல உனக்கு என்ன வேலை?"

பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் சாவி வேறு வேறு ஆள் கையில் இருக்கிறது. பத்திரிகையின் ஃபேஸ்புக் பக்கத்தில் நீங்கள் எழுதினால் அது ஃபேஸ்புக் கம்பெனியின் இடம். பத்திரிகைக்காரர் அழிக்கலாம், மறைக்கலாம், அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. செய்தித் தளத்திலேயே, செய்தி முடிகிற இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்கு முழுப் பொறுப்பும் அந்தத் தளத்துக்கு. நான் இங்கே பேசுவது இந்தப் பெட்டியைப் பற்றி.

அதை இரண்டு விதமாக நடத்தலாம். எழுதியவுடன் வெளியாகிவிடும், புகார் வந்தால் பார்ப்போம் என்பது ஒரு விதம். ஒருவர் படித்துச் சரி சொன்ன பிறகே வெளியாகும் என்பது இன்னொன்று. இதற்கு மட்டுறுத்தல் என்று பழைய வலைப்பதிவர்கள் நல்ல பெயர் வைத்தார்கள். எங்கள் ஆபீஸில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, "இன்னைக்கு யார் கமெண்ட் பாக்கறது?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

"வெளிநாட்டுப் பெரிய பத்திரிகை எல்லாம் கமெண்டை மூடிட்டாங்களாமே, உண்மையா?"

நிறையப் பேர் மூடினார்கள். 2013 செப்டம்பரில் பாப்புலர் சயின்ஸ், 2014இல் ராய்ட்டர்ஸ், 2016இல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், 2018இல் அட்லாண்டிக். பெரும்பாலும் எல்லோரும் சொன்னது ஒரே காரணம்: விவாதம் ஏற்கெனவே சமூக வலைத்தளங்களுக்குப் போய்விட்டது. பாப்புலர் சயின்ஸ் மட்டும் இன்னும் கடுமையாக, இந்தக் கமெண்ட்கள் அறிவியலுக்கே கெடுதல் செய்கின்றன என்று எழுதிவிட்டு மூடியது.

எல்லோரும் மூடிவிடவில்லை. நியூயார்க் டைம்ஸ் இன்னும் வைத்திருக்கிறது, ஆனால் எல்லாச் செய்திக்கும் திறப்பதில்லை, படிக்க ஆள் வைத்திருக்கிறது, கூடவே இயந்திர உதவியும். மூடியவர்களுக்கும் மூடாதவர்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கொள்கை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அது சம்பளக் கணக்கு என்றுதான் படுகிறது.

"பிடிக்கலேன்னா தாண்டிப் போகட்டும். யாரோ ஒருத்தன் நாலு வரி திட்டினா என்ன ஆயிடப் போகுது?"

நானும் சேர்ந்த புதிதில் இப்படித்தான் நினைத்தேன். 2013இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நானோ வெள்ளி என்ற நுண்துகள் தொழில்நுட்பம் பற்றி ஒரு நடுநிலையான கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். கட்டுரை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கீழே சிலருக்கு மரியாதையான கமெண்ட்கள், சிலருக்கு வசை. வசையைப் பார்த்தவர்கள் அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றித் தாங்கள் முன்பே வைத்திருந்த எண்ணத்தில் இன்னும் இறுகிப் போனார்கள். கீழே கிடக்கும் குப்பை மேலே இருக்கும் செய்தியின் மீதும் ஏறிவிடுகிறது.

எழுதுகிறவருக்கு ஆவது வேறு. பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை 2016இல் தன் தளத்தில் வந்த 7 கோடி கமெண்ட்களை எடுத்து ஆராய்ந்தது. மிக அதிகமாக வசைபாடப்பட்ட 10 எழுத்தாளர்களில் 8 பேர் பெண்கள், மீதி 2 பேர் கறுப்பின ஆண்கள். எங்கள் ஆபீஸில் இதற்குக் கணக்கு எடுக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. எங்கள் பெண் நிருபர் ஒரே வாய்க்கால் தூர்வாரும் செய்தியை எழுதினாலும் கீழே அவருடைய கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். ஆண் நிருபர் எழுதினால் வாய்க்காலைப் பற்றிக் கேட்பார்கள்.

"அப்ப இழுத்து மூடிட வேண்டியதுதானே? ஏன் இன்னும் வேணும் வேணும்னு பேசறீங்க?"

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் எல்லாம் தண்ணீர். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கக் கிராமங்களில் புகுந்தது. எங்களிடம் இருந்தது நான்கு நிருபர்கள், ஒருவருடைய பைக் தண்ணீரில் நின்றுவிட்டது. அந்த மூன்று நாளும் எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தப் பாலத்தில் போலீஸ் திருப்பி விடுகிறது, எங்கே பால் பாக்கெட் கிடைக்கிறது என்பதை எல்லாம் வாசகர்கள்தான் எழுதினார்கள். துபாயில், சிங்கப்பூரில் இருப்பவர்கள் "எங்கம்மா தனியா இருக்காங்க, அந்தத் தெரு எப்படி இருக்கு?" என்று கேட்டால், நாலாவது வீட்டுக்காரர் பதில் போடுவார். எந்தப் பத்திரிகையாலும் இதைச் செய்ய முடியாது.

அதே மூன்று நாளில் "அணை உடைஞ்சிடுச்சு, ஓடுங்க" என்றும் வந்தது. ஒன்றல்ல, பல. அதை எல்லாம் வெளியே விடாமல் நிறுத்தியது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஒரு ஆள். பெட்டி இருந்ததும் முக்கியம், அதன் பக்கத்தில் ஆள் இருந்ததும் முக்கியம்.

சாதாரண நாளிலும் பயன் உண்டு. கெடிலம் ஆற்றை உப்பனாறு என்று எழுதிவிட்டால் பத்து நிமிஷத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்து காதைத் திருகுவார். என் தமிழ் கொஞ்சமாவது தேறியிருக்கிறது என்றால் அவர் புண்ணியம்.

"கெட்ட வார்த்தைய தானா பிடிக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே, அதைப் போட்டுட்டா ஆள் எதுக்கு?"

போட்டோம் சார். தடை செய்த சொற்களின் பட்டியலில் யாரோ "நாய்" என்பதைச் சேர்த்துவிட்டார்கள். தெருநாய்த் தொல்லை பற்றிய செய்திக்கு ஒரு கமெண்ட்கூட வரவில்லையே என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தோம். "குப்பை" என்பதைச் சேர்த்தபோது நகராட்சி மீது வந்த நியாயமான புகார்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன.

தமிழில் இது இன்னும் சிக்கல். ஒரு சொல்லுக்கு வேற்றுமை உருபு, விகுதி எல்லாம் ஒட்டி ஐம்பது உருவம் வரும். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் ஒவ்வொருவர் எழுத்துக்கூட்டலும் ஒவ்வொரு விதம். நடுவில் புள்ளி, நட்சத்திரம், எண் போட்டு எழுதுவார்கள். இந்தக் கலப்புத் தமிழுக்காகவே ஆய்வாளர்கள் யூடியூப் கமெண்ட்களைத் திரட்டி 2021இல் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள், வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் கழுத்தை அறுக்கும் வரிகள் நம் ஊரில் உண்டு. "உங்க ஆளுங்க பழைய வேலையையே பார்க்கலாமே" என்று ஒருவர் எழுதினால், எந்தப் பட்டியலிலும் அதில் ஒரு சொல் இருக்காது. இந்த மாவட்டத்துக்காரன் எவனுக்கும் அது என்னவென்று ஒரு நொடியில் புரியும். இயந்திரம் ஸ்பேமைப் பிடிக்கட்டும், கடன் விளம்பரத்தைப் பிடிக்கட்டும். சாதியைப் பிடிக்க ஊர்க்காரன் வேண்டும்.

"எவனோ எழுதினதுக்கு சைட்காரன் எப்படி மாட்டுவான்?"

இதில் ஒரு பழைய கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1908இல் 'இந்தியா' பத்திரிகை மீது சென்னையில் வழக்குப் பாய்ந்தபோது, எழுதியவர் பாரதி. ஆனால் கைதானவர், பத்திரிகையின் ஆசிரியர் என்று பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்தவர். பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார், பத்திரிகையும் பின்னாலேயே வந்தது.

இன்றைய சட்டத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு இருக்கிறது. மற்றவர் எழுதியதை வெறுமனே தாங்கி நிற்கும் தளத்துக்கு அது ஒரு பாதுகாப்புத் தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. 2015 மார்ச் 24இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகும் நீக்காவிட்டால்தான் இந்தப் பாதுகாப்பு போகும் என்று விளக்கியது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் கைது செய்ய வழி தந்த 66ஏ பிரிவு அதே தீர்ப்பில்தான் அடியோடு ரத்தானது. அந்தப் பிரிவுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு: 2012 அக்டோபரில் அப்போதைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் இதே பிரிவில் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர் என்று அப்போது செய்தி வந்தது. கைது செய்த பிறகு நாடே படித்தது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. எஸ்டோனியாவில் டெல்ஃபி என்ற செய்தித் தளம் 2006இல் ஒரு கப்பல் கம்பெனி பற்றிச் செய்தி போட்டது. 185 கமெண்ட் வந்தது, அதில் இருபது போல மோசமானவை. புகார் வந்த அன்றே நீக்கினார்கள், ஆனால் அதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. தளம்தான் பொறுப்பு என்று அங்கே தீர்ப்பு, நஷ்டஈடு 320 யூரோ. அது செல்லும் என்று 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

"அப்ப படிச்சுட்டு விட்டா நம்ம பொறுப்பு ஏறும், படிக்காம விட்டா தப்பிச்சுக்கலாம். அப்படித்தானே?"

இதைக் கேட்டவர் ஒரு வக்கீல் குமாஸ்தா, கேள்வி லேசானதில்லை. 79ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு, வரும் உள்ளடக்கத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவோ திருத்தவோ கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. அதைக் காட்டித்தான் சிலர் "படிக்கவே படிக்காதே" என்று யோசனை சொல்கிறார்கள். ஆனால் இதே சட்டத்தின் கீழ் அரசு கொண்டுவந்த 2021 விதிகளிலேயே, தவறானதை நீக்கியதால் மட்டும் அந்த நிபந்தனையை மீறியதாகாது என்று எழுதியிருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது: ஒரு கமெண்டை முழுசாக விடுங்கள் அல்லது முழுசாக எடுங்கள். நடுவில் இரண்டு வார்த்தையை வெட்டி, வாக்கியத்தைச் சரிசெய்து போடாதீர்கள். திருத்திய நிமிஷத்தில் அதில் உங்கள் கை பட்டுவிடுகிறது, அப்புறம் "நான் இப்படி எழுதலையே" என்று எழுதியவரே வந்து நிற்பார். வழக்கு என்று வந்துவிட்டால் இந்தப் பக்கத்தை நம்பாமல் வக்கீலைப் பாருங்கள்.

"எழுதினவன் சரி. வெறுமனே ஃபார்வர்டு பண்ணவனுக்கு என்ன?"

பெண் பத்திரிகையாளர்களை இழிவு செய்த ஒரு பதிவைப் பகிர்ந்துவிட்டு, "படிக்காமல் பகிர்ந்துவிட்டேன்" என்று சொன்ன ஒரு பிரபலத்தின் வழக்கை ரத்து செய்ய 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி என்று நீதிபதி சொன்னார். வேறென்ன சொல்ல.

"ஆதார் மாதிரி ஏதாவது கேட்டு, சொந்தப் பேர்ல மட்டும் எழுத விட்டா எல்லாம் அடங்கிடுமே?"

தென்கொரியா இதைச் செய்து பார்த்தது. 2007 முதல், தினம் லட்சக்கணக்கில் ஆட்கள் வரும் தளங்களில் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் எழுத விட வேண்டும் என்று சட்டம். 2011இல் அங்கே ஒரு பெரிய தளத்தில் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். 2012 ஆகஸ்டில் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

நம்ம ஊருக்கு இது இன்னும் பொருந்தாது. சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை செய்பவர், ராத்திரி எந்த நேரத்தில் நாற்றம் வருகிறது என்று சொந்தப் பெயரில் எழுதுவாரா? நகராட்சிக் கடைநிலை ஊழியர்? மாமியார் வீட்டுத் தெருவிலேயே இருக்கும் பெண்? சொந்தப் பெயரில், புகைப்படத்தோடு, கூச்சமே இல்லாமல் திட்டுகிறவர்களை ஃபேஸ்புக்கில் தினமும் பார்க்கிறோம். பெயர் கேட்டால் அடங்குவது பயந்தவர்கள்தான். எங்கள் வழக்கம், புனைபெயர் இருக்கலாம், ஆனால் ஒரே புனைபெயரில் தொடர்ந்து வர வேண்டும், மின்னஞ்சல் எங்களிடம் மட்டும் இருக்கும் என்பது.

"என் கமெண்டை அழிச்சுட்டீங்க. கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

இருக்கிறது, அரசியல் சாசனம் 19(1)(அ). அது அடிப்படையில் அரசாங்கத்தை நோக்கிப் பேசுவது. ஆசிரியருக்குக் கடிதம் என்று நாளிதழ்களுக்குத் தபால் கார்டு போட்ட காலத்தில் நூற்றில் பத்து கடிதம் அச்சாகும், மீதித் தொண்ணூறு பேர் சுதந்திரம் போச்சு என்று சொன்னதில்லை.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை, விளம்பரம் தரும் ஒரு கடையைப் பற்றி வாசகர் ஒருவர் பில்லோடு எழுதியிருந்தார். மேலிடத்தில் சொன்னார்கள், நான் அழித்தேன். அவர் மறுபடி எழுதினார், மறுபடி அழித்தேன். மூன்றாவது முறை அவர் எழுதவில்லை, எங்கள் தளத்துக்கே வரவில்லை. எதை அழிப்போம் என்று ஐந்தாறு வரியில் வெளிப்படையாக எழுதிப் போட்டிருந்தால், அன்றைக்கு அதைக் காட்டியாவது நான் மறுத்திருக்கலாம்.

"எந்தச் செய்திக்குத் திறக்கலாம், எதுக்குக் கண்டிப்பா மூடணும்?"

பஸ், ரோடு, குடிநீர், மின்வெட்டு, மழை, பள்ளிக்கூடம், மீன் விலை, தாராளமாகத் திறக்கலாம். சாதி மாறிய காதல், அதை ஒட்டிய குற்றம், அதன் தீர்ப்பு, இவற்றுக்கு நான் திறக்க மாட்டேன். 2003இல் விருத்தாசலம் பக்கம் நடந்த, சாதி மாறிக் கல்யாணம் செய்த கண்ணகி–முருகேசன் தம்பதியின் கொலைக்கு 2021இல்தான் கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்த குடும்பம் படிக்கும் செய்திக்குக் கீழே யார் என்ன எழுதலாம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்க எனக்கு மனசு வராது.

பாலியல் குற்றச் செய்தி, குழந்தைகள் சம்பந்தப்பட்ட எதுவும், மூடியே ஆக வேண்டும். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிருபர் பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் மறைத்து கவனமாக எழுதியிருப்பார். கீழே ஒருவர், கெட்ட எண்ணம்கூட இல்லாமல், "ஐயோ, அது நம்ம இன்னார் பொண்ணாச்சே" என்று எழுதுவார். சின்ன ஊரில் அந்த ஒரு வரி போதும். தற்கொலைச் செய்தியும் இதே கணக்கில் வரும். காரணத்தை ஆளாளுக்கு ஊகிக்கும் இடமாக அது மாறிவிடும்.

"எலெக்ஷன் நேரத்துல கட்சிக்காரங்க ஆள் வெச்சு எழுதறாங்களாமே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எழுத்துப்பிழையை வைத்து. பத்து வேறு பெயர், பத்திலும் தொகுதிப் பெயரில் ஒரே இடத்தில் ஒரே ஒற்று தப்பு, எல்லாம் காலை 11 மணிக்கும் 11:20க்கும் நடுவில். புதுச்சேரியில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள்தான், சில நூறு ஓட்டில் முடிவு மாறும், அதனால் ஆர்வம் கொஞ்சம் கூடுதல். மேலே சொன்ன ரிட்டயர்டு வாத்தியார்தான் ஒருமுறை எனக்கு முன்னால் கண்டுபிடித்து, "பத்துப் பேருக்கும் ஒரே டியூஷன் மாஸ்டரா?" என்று எழுதியிருந்தார்.

"என்னைப் பத்தியே அசிங்கமா எழுதி வெச்சிருக்காங்க. நான் என்ன செய்யணும்?"

முதலில் பதில் எழுதாதீர்கள். இணைய முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், ஒருவேளை அழித்துவிட்டால் ஆதாரம் வேண்டும். அப்புறம் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 விதிகள்படி அப்படி ஒருவர் இருக்க வேண்டும், பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, பொதுவாக 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் (2026 பிப்ரவரி வரை இது 15 நாளாக இருந்தது). அந்தரங்கப் படம் என்றால் 2 மணி நேரத்தில் எடுக்க வேண்டும், முன்பு இது 24 மணி நேரம்.

அவதூறு என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. மிரட்டல், ஆபாசம் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி, எங்கே புகார் கொடுப்பது என்று இழுத்தடித்தால், போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள்.

"நான் ஒருத்தனே நடத்தற சின்ன சைட் அண்ணே. திறக்கலாமா, வேணாமா?"

ராத்திரி யார் படிப்பார் என்று முதலில் சொல். ஆள் இல்லை என்றால் மூடி வை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வாட்ஸ்அப் எண் கொடு, வருவதில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, எழுதியவரைக் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கமாகப் போடு. அப்போது நீதான் ஆசிரியர், பொறுப்பும் உன்னுடையது, அதைத் தெரிந்தே செய்.

திறந்தே ஆக வேண்டும் என்றால் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை திற, செய்தி வந்து மூன்று நாளில் பூட்டிவிடு. நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2017இல் ஒரு வேலை செய்தது: செய்தியிலிருந்து சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும், சரியாகப் பதில் சொன்னால்தான் கமெண்ட் பெட்டி திறக்கும். நான் இதை எங்கள் ஆபீஸில் சொன்னபோது, "அப்படி வெச்சா நம்ம நிருபருங்களே பாஸ் ஆக மாட்டாங்க" என்று சிரித்துவிட்டார்கள். நீ ஒருத்தன்தானே, வைத்துப் பார்த்துவிட்டு எனக்கும் சொல்.